செவத்திக்கு வந்த மச்சானின் இருமல்

இரத்தோட்டை,
ஞாயிறு காலை.

கனம்பொருந்திய மச்சான் யோகேந்திரன் அவர்களுக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் நானும், உங்கள் அக்கா சுந்தரம்மாவும், பன்றிகளும் சுகம். உங்கள் சுகத்தைப் போனில் விசாரிக்கலாமென்றால் எங்கள் நம்பர்களை ப்ளாக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். ஆகையால் கடிதம்.

மாத்தளை அம்மன் தேருக்குத் தடிமனும் இருமலுமாக வந்த நீங்கள், அக்காவுக்குத் தெரியாமல் பீடி குடிக்க எங்கள் பன்றிக்கொட்டிலில் போய் உட்கார்ந்ததும், அவள் எல்லார் முன்னாலும் பீடியைப் பிடுங்கியதும், நீங்கள் கோபித்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறியதும் நமக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை இனித்தான். அந்த வாரமே எங்கள் பெண்பன்றி செவத்தி இருமத் தொடங்கியது. பன்றி இருமுவது பெரிய விஷயமில்லை. ஆனால் அது அப்படியே உங்களைப் போல இருமியது. முதலில் ஒரு செருமல், பிறகு நீளமாக ஓர் இழுப்பு, கடைசியில் "ம்ஹூம்" என்று சலிப்பு. "தம்பி வந்துட்டான்" என்று சுந்தரம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். வாசலில் ஆளில்லை.

மிருக டாக்டர் மிஸ் வந்து பன்றிகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப்போய்ப் பரிசோதித்தார். "ஐயா, ஒங்க பன்றிங்ககிட்ட ஒரே வைரஸ் இல்ல, விதவிதமா இருக்கு. அதுல ஒண்ணு மனுசங்ககிட்டருந்து போனது. அது பழைய பன்றி வைரஸோட கலந்து புதுசா ஒண்ணு உண்டாகியிருக்கு. அது மனுசனுக்குத் திரும்பி வருமான்னு தெரியாது, கொட்டில் பக்கம் போகாதீங்க"ன்னாங்க. பாத்தீங்களா மச்சான்? ஒங்க பக்கத்துச் சம்பந்தம் எங்கெங்கயோ போய்க் கலந்துகிட்டிருக்கு, நமக்கு ஒரு பத்திரிகைகூட வைக்கல.

ஒங்க அக்கா கேக்குறாளா? கொட்டில் ஓரமா முக்காலியப் போட்டு உக்காந்துட்டா. "பேசாட்டிப் போறான், இருமுறதாவது கேக்குதே"ங்குறா. செவத்தி இருமுனா "பீடிய விடுடா"ன்னு வையிறா, அப்புறம் அழுவுறா. அது தலையத் தலைய ஆட்டுது. பாக்கவே பயமா இருக்கு. அவள விட்டா எனக்கு யாரு இருக்கா? கோவத்த விட்டுட்டு ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டுங்க, அவ எந்திரிச்சு வந்துருவா.

உங்கள் வீட்டு வாசலில் நோய்நொடி கால்வைக்காமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
பீடியைப் பிடுங்காத,
சுந்தரலிங்கம்.

பி.கு.: செவத்திக்குக் குணமாகிவிட்டது. இப்போதுதான் கவனித்தேன், நேற்றிலிருந்து இருமலே இல்லை. இதை எழுதி முடித்தபோது முதுகுக்குப் பின்னால் அதே செருமல், அதே இழுப்பு, அதே "ம்ஹூம்". நீங்கதான் வந்துட்டீங்கன்னு சந்தோசமாத் திரும்பினேன். சுந்தரம்மா, கடித உறையின் ஓரத்தை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டு நின்றாள். டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீங்க வர வேண்டாம் மச்சான். கையக் கழுவிட்டு, உடனே அவளுக்கு ஒரு போன் பண்ணுங்க.