நானே எடுத்த பாசி

கூரைப் பாசியை என் கையாலேயே எடுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். காரணம், ரோஷம்.

எங்களுடையது பழைய வீடு. கூரை முழுக்க சிலேட்டுக்கல் ஓடு. அதன்மேல் மெத்தை மாதிரி பாசி. மழை பெய்தால் அது கட்டிகட்டியாக உருண்டு வந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை அடைத்துக்கொள்ளும். போன வாரம் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி என் மனைவியின் துணி அலமாரிக்குள் புகுந்தது.

"மூணு வருஷமா சொல்றேன். அந்தப் பாசி மேல உங்களுக்கு என்ன அவ்வளவு பாசம்? ஓட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

"அவர் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன்."

"சனிக்கிழமை நானே ஏறி எடுக்கிறேன், பாரு" என்றேன். எப்படியும் தடுத்துவிடுவாள் என்ற தைரியம்தான்.

"சரிங்க. நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வர்றேன்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை.

சனிக்கிழமை அவள் தெருமுனை தாண்டியதும் ஏணியைச் சாத்தினேன். மூன்றாவது படியில் நின்று மேலே பார்த்தேன். மேலே இருந்ததும் ஓடு. மனசு சொன்னதும் ஓடு. ஓடினேன், நேராக ஓட்டுக்காரர் வீட்டுக்கு.

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கயிறும் கொக்கி வைத்த ஏணியும் வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

"வேற வேலைக்குக் கிளம்பிட்டீங்களா?"

"இல்ல சார், சும்மாதான். ஏறுங்க."

நான் விலாசமே சொல்லவில்லை. வண்டி சரியாக எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றது. இதுவும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் பாசி போயாக வேண்டும், சந்தேகப்பட நேரமில்லை.

அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கொக்கி ஏணியைக் கூரை முகட்டில் மாட்டி, அதன்மேலேயே சாய்ந்தபடி வேலை செய்தார். ஓட்டில் கால் படவே இல்லை. காய்ந்த பாசியை தட்டையான மரத்துண்டால் பெயர்த்து, பூப்போன்ற பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தள்ளினார். நான் எட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் செய்ததையும் சொன்னதையும் மனப்பாடம் செய்தேன். அவர் போனதும் ஒரு கைப்பிடி பாசியைச் சட்டையில் தேய்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தவள் கூரையைப் பார்த்தாள். பிறகு சட்டையைப் பார்த்தாள்.

"தண்ணியைப் பீச்சி அடிச்சீங்களோ?"

"சேச்சே. பீச்சினா தண்ணி ஓட்டுக்கு அடியில ஏறிடும். கல்லும் உரிஞ்சு போகும்."

"மிதிச்சீங்களா?"

"மிதிச்சா உடைஞ்சிடாதா? கொக்கி ஏணி, கயிறு. எல்லாம் முறைப்படிதான்."

"பரவாயில்லையே" என்று உள்ளே போய்ச் சூடாகத் தேநீர் கொண்டுவந்தாள். கேட்காமலே வந்த தேநீர். குடிக்கவே யோசனையாக இருந்தது.

"அக்கா வீட்டு ஓட்டுலயும் இதே பாசிதாங்க. நம்ம வீட்டை விட உயரம் வேற. நாளைக்குக் காலையில நீங்க வந்து எடுத்துக் கொடுப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எடுத்தது நான் இல்ல. ஓட்டுக்காரர்."

"தெரியும். வியாழக்கிழமையே அவர்கிட்ட சொல்லி வெச்சது நான்தானே. இவர் எப்படியும் ஓடி வருவார், ஏணியோட தயாரா இருங்கன்னு. உங்களைக் கூரை மேல ஏத்திட்டு நான் அக்கா வீட்ல நிம்மதியா உட்கார முடியுமா?"

அப்பாடா என்றிருந்தது. மானம் போனாலும் முழங்கால் மிச்சம்.

"அப்போ அக்கா வீட்டுக்கும் அவரையே அனுப்பிடலாம்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷமாப் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றீங்க. அக்கா வீட்ல ஏதுங்க ஓடு? மொட்டை மாடி."