எஸ்.ஐ. ஐயா கட்டிக்கொண்டு போன வேட்டி

திருப்புலி நாடு, கொல்லிமலை
14.3.2004

மச்சான் மாணிக்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி புருசன் செல்லமுத்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், பாப்பாத்தி, உங்கள் மருமகள் கோகிலா மூவரும் சுகம். சேலத்தில் அக்காவும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். கீழே போலீஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

முந்தாநாள் பஸ் நிற்கிற இடத்தில் ரோட்டோரமாகப் பாய் விரித்து மிளகு காயப்போட்டு, கோகிலாவைப் புத்தகத்தோடு காவலுக்கு உட்காரவைத்திருந்தேன், பத்தாவது பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தானே இருக்கிறது, அந்த நேரம் பார்த்து எஸ்.ஐ. ஐயா ஜீப்பைக் கொண்டுவந்து சரியாக நம் பாய் மேலேயே நிறுத்தினார், நகர்த்தச் சொன்ன பிள்ளையை அதட்டிவிட்டு எங்கேயோ விசாரணைக்குப் போய்விட்டார். பிள்ளை மிஞ்சிய மிளகை அள்ளிக்கொண்டு ஊட்டுக்கு வந்துவிட்டாள். அவர் திரும்பி வந்து பார்த்தால் நாலு டயரிலும் காத்து இல்லை, வால்வு மூடிகளும் இல்லை. கடைசியாகப் பக்கத்தில் இருந்தது நம்ம கோகிலா. உடனே ஏட்டு ஒருத்தர் மூணு கிலோமீட்டர் காட்டுப்பாதையில் ஏறி வந்து, "பொண்ண ஸ்டேஷனுக்கு அனுப்புங்க, ஐயா விசாரிக்கோணும்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொம்பளப் பிள்ளை ஸ்டேஷன் படி ஏறிவிட்டால் அப்புறம் பரீட்சையாவது படிப்பாவது, ஊர் வாயை யார் மூடுவது? பாப்பாத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கோகிலா அழவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வக்கீல்கள் வந்து கொடுத்துப் போன துண்டறிக்கையைக் கணக்குப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்தாள். "ஏனுங்க, பொம்பளைங்கள விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாதுங்க. ஊட்டுக்கு வந்துதானுங்க கேக்கோணும். எனக்குப் பதினஞ்சு வயசு, லாக்கப்புலயும் வெக்கக் கூடாதுங்க." ஏட்டு அதை வாங்கி இரண்டு தடவை படித்தார், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார், அவளிடமே கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்.

ஜீப்பில்தான் காத்து இல்லையே, எஸ்.ஐ. ஐயா நடந்தே வந்தார். வழியில் ஓடையில் வழுக்கி இடுப்புவரை சேறு. பாப்பாத்திக்கு மனசு கேட்கவில்லை, கொடியில் கிடந்த என் வேட்டியை எடுத்து நீட்டினாள். அது வேண்டாம், பெட்டியில் சலவை வேட்டி இருக்கிறது என்று நான் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பிள்ளைங்கள விசாரிக்கையில போலீஸ் உடுப்புல இருக்கக் கூடாதுன்னும் போட்டிருக்குதுங்க" என்றாள் கோகிலா. அவர் வேட்டி பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து, ஒரு சொம்பு மோரைக் குடித்து மூச்சு வாங்கிவிட்டு, "நீதான் பண்ணுனியா கண்ணு?" என்று கேட்டார். ஸ்டேஷனில் வைத்துக் கேட்டிருந்தால் அந்தக் கண்ணு வந்திருக்குமா மச்சான்?

"நான் பண்ணலீங்க."

"யாருன்னு தெரியுமா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யாரும் காத்தப் புடுங்கி நான் பாக்கலீங்க."

அதை எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போலீசில் சொல்கிற வாக்குமூலத்துக்குக் கையெழுத்துத் தேவையில்லையாம், அதையும் துண்டறிக்கையில் விரல் வைத்துக் காட்டினாள். அவர் பேனாவை மூடிவிட்டார். "பரீட்சைய நல்லா எழுது சாமி" என்று சொல்லிவிட்டு, ஈரப் பேண்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

எட்டாவதோடு நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னபோது நீங்கள் சண்டை போட்டீர்கள், நானும் உங்களை வாய்க்கு வந்தபடி பேசினேன். அதையெல்லாம் மறந்துவிடுங்கள். பிள்ளை பரீட்சை எழுதப்போகிறாள், நேற்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு தலைவலிகூட வராமல் இருக்கட்டும். பலா பழுத்ததும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
செல்லமுத்து

பின்குறிப்பு: படித்ததும் கிழித்துவிடவும். காத்தைப் பிடுங்கியது நான்தான். பிள்ளை வந்து சொன்னதும் ஆத்திரம் தாங்காமல் குறுக்குவழியில் இறங்கிப் போய்ப் பிடுங்கிவிட்டேன். பழி அவள் மேல் வந்தபோது வாய் திறக்காமல் நின்றதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாலு வால்வு மூடியையும் முடிந்து வைத்திருந்தது அந்தக் கொடி வேட்டியின் முனையில்தான். துவைத்து அனுப்புகிறேன் என்று எஸ்.ஐ. ஐயா சொல்லிப் போனார், வேட்டி இன்னும் வரவில்லை. என்னைப் போல வயசு வந்த ஆம்பளைங்களுக்கு அந்தத் துண்டறிக்கையில் என்ன போட்டிருக்கிறது என்று கோகிலாவிடம் மெதுவாகக் கேட்டேன். முழுசும் படித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் போடலீங்கப்பா, நீங்க ஸ்டேஷனுக்குத்தான் போகோணும்" என்கிறாள்.