துவைக்கும் அறையில் எட்டு மான் கால்கள்

வெட்லாண்டா,
செப்டம்பர் 9

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஃபோல்கே அவர்களுக்கு,

தங்கள் தங்கை குன்வோரின் கணவன் சிக்ஸ்டன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கத்தான் செய்வீர்கள், அங்கே இருந்த கெடுதல் மொத்தத்தையும்தான் சாக்கில் கட்டி இங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டீர்களே. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். குன்வோர் நலமாகத்தான் தெரிகிறாள். ஆனால் அதை அவள் வாயால் கேட்டு ஒன்பது நாளாகிறது.

தாங்கள் வேட்டையில் சுட்ட மூன்று மான், பன்னிரண்டு கால். கதவைத் திறந்தால் மிதியடி மேல் சாக்கு, சாக்குக்கு மேல் குளம்புகள். போன் போட்டால் தாங்கள் சொன்னது இது: "ரிட்டயர் ஆகி வீட்ல சும்மாதானே உக்காந்திருக்கீங்க? எட்டுக் காலை மடக்கிக் காயவெச்சா கோட்டு மாட்ற கொக்கி. மிச்சம் நாலை வேகவெச்சா எலும்பு கத்திப்பிடிக்கு, குளம்பு கிலுகிலுப்பைக்கு. ஒரு வேலையும் இல்ல மாப்ளே!" முப்பத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஒரு வேலையும் இல்லை என்று யாராவது சொன்னால் அப்போதே இறங்கி ஓடியிருக்க வேண்டும்.

முதலில் அந்த நாலு கால். தோலை உரித்து, நண்டு வேகவைக்கும் பெரிய பானையில் போட்டு, பால்கனியில் மின்னடுப்பில் ஏற்றினேன். "கொதிக்கக் கூடாது, சிணுங்கணும்" என்று தாங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் கீழ்வீட்டு நாய் ஒன்று குரைத்துக்கொண்டே இருந்ததால் எட்டிப் பார்த்தேன், பார்த்தால் அங்கே பக்கத்துக் கட்டிடத்து நாய்கள் மூன்று உட்கார்ந்து என் பால்கனியையே கும்பிடுவதுபோல் அண்ணாந்திருந்தன. அதை வேடிக்கை பார்த்து நின்றதில் பானை தளதளவென்று கொதித்துவிட்டது. குளம்பு ஓடுகள் பழைய செருப்பு மாதிரி தானாகக் கழன்று மிதந்தன. எலும்புக்குள் கொழுப்பு ஊறி, வெள்ளையாக வரவேண்டியது நிகோடின் பல் மாதிரி மஞ்சளாக வந்தது. வாசனையைப் பற்றி என்ன சொல்ல! நனைந்த நாயைத் தச்சர் பசையில் முக்கி எடுத்ததுபோல. மேல்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். குன்வோர் வந்து பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சனிக்கிழமை நண்டு விருந்து" என்று மட்டும் சொன்னாள். புதுப் பானை வாங்கிவிட்டேன், அதில் ஒன்றும் பேச்சில்லை.

அந்த எட்டுக் காலில்தான் என் குடி கெட்டது. உப்பைத் தடவி, கணுக்காலைச் செங்கோணமாக மடக்கி, பலகையில் கம்பி போட்டுக் கட்டினேன். அதுவரைக்கும் அழகு. ஆனால் மழை விடவில்லை, காயவில்லை, ஈ மொய்க்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஏழிலிருந்து பத்து வரை பொதுத் துவைக்கும் அறையில் எங்கள் முறை. அங்கே துணி உலர்த்தும் சூட்டு அலமாரி இருக்கிறது, மிதமான சூடு, நல்ல காற்று. மச்சான், இது எனக்குத் தோன்றிய யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் தங்களுடையது. எட்டையும் வரிசையாக மாட்டிவிட்டு மேலே வந்து காபி போட்டேன். நாற்காலியில் கண் அயர்ந்துவிட்டேன்.

பத்து மணி முறை எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவி சோல்வெய்க்குடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வெள்ளை விரிப்புகளோடு வந்திருக்கிறாள். அலமாரியைத் திறந்தால் எட்டு மான்கள் சேர்ந்து அவளை உதைக்க வந்ததுபோல இருந்திருக்கிறது. பின்னால் சாய்ந்து துணிக்கூடைக்குள் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. அலறல் கேட்டு விழித்து, நான் கீழே ஓடிப்போய்க் கை கொடுத்தேன்.

"தொடாதீங்க! அந்தக் கையால தொடாதீங்க!"

"பயப்படாதீங்க அம்மா, உப்பு போட்டிருக்கேன்."

"எனக்கா போட்டீங்க?"

அன்று மாலையே கூட்டம். கீழ்த்தள அறை, காபி, இலவங்கப்பட்டை பன். துவைக்கும் அறையில் மாட்டியிருந்த விதிப் பலகையைக் கையோடு கழற்றிக்கொண்டு போயிருந்தேன். "ரப்பர் மிதியடி கூடாதுன்னு இருக்கு. குதிரைப் போர்வை கூடாதுன்னு இருக்கு. மான் கால் கூடாதுன்னு எங்க இருக்கு, காட்டுங்க" என்றேன். பலகையை ஆளுக்கு ஆள் கைமாற்றி மேலும் கீழும் படித்துப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சங்கத்தின் செயலாளர் யார் என்பது தங்களுக்குத் தெரியுமல்லவா? தங்கள் தங்கைதான். கூட்டக் குறிப்பில் அவள் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "உறுப்பினர் சிக்ஸ்டன் ஹால்கிரென் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. இரண்டாவது பன்னை எடுத்துக்கொண்டார்." ஓட்டெடுப்பில் எனக்கு எதிராக முதலில் தூக்கிய கையும் அவளுடையதே. கிறிஸ்துமஸ் வரை ஹால்கிரென் என்ற பெயருக்குத் துவைக்கும் முறை கிடையாது.

இதுவரைகூடத் தாங்கிக்கொண்டேன் மச்சான். மறுநாள் முன்பதிவுப் பலகையைப் பார்த்தேன். வியாழக்கிழமை, ஒன்றிலிருந்து நான்கு வரை, குன்வோர் பெர்க்வால். உங்கள் குடும்பப் பெயர்! கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு! அவள் துணியை மட்டும் துவைத்து எடுத்து வருகிறாள். என் சட்டைகள் கூடையில் தனியாக நிற்கின்றன. பேச்சில்லை, குளிர்பெட்டி மேல் சீட்டு ஒட்டுகிறாள். "பால் இல்லை." "குப்பை." நேற்று நானும் ஒரு சீட்டு ஒட்டினேன்: "என்னை விவாகரத்து செய்துவிட்டாயா?" அதன் கீழே எழுதினாள்: "ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறது."

சிரிக்காதீர். எனக்குத் தூக்கம் வரவில்லை. சமையலறையில் அவள் சட்டி வைக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் கோபம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறேன்.

ஆகவே மச்சான், வரும் சனிக்கிழமை நீர் நேரில் வரவேண்டும். உம் மனைவி மார்கிட்டையும் கட்டாயம் அழைத்து வாரும். ஒரு வாரம் தங்கி, தப்பு முழுக்க என்னுடையது, சிக்ஸ்டன் அப்பாவி என்று உம் தங்கையிடம் உம் வாயால் சொல்லும். திரும்பும்போது எட்டுக் கொக்கி, நாலு மஞ்சள் எலும்பு, எட்டுக் குளம்பு ஓடு எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போம். இந்த ஜன்மத்தில் இனி மானின் ரோமம் ஒன்றுகூட இந்த வாசற்படி தாண்டக் கூடாது.

தங்களுக்குக் குறி தவறாமலும், கால் வழுக்காமலும், கொட்டகைக் கூரை ஒழுகாமலும் இருக்க வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அழுக்குச் சட்டையுடன்,
சிக்ஸ்டன் ஹால்கிரென்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிவிட்டு மூக்குக்கண்ணாடி தேடப் போன நேரத்தில் குன்வோர் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டாள். பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மச்சான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூன்று எழுத்துப்பிழையைத் திருத்தினாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்பது நாள் கழித்து வாயைத் திறந்து என்னிடம் சொன்னது: "மார்கிட் அண்ணி ஒரு வாரமா? இந்த வீட்லயா? அதுக்கு மான் காலே தேவலாங்க. சட்டையக் கழட்டிக் குடுங்க, துவைக்கணும்."

ஆகவே தாங்கள் வரவேண்டாம். கால் மட்டும் அனுப்பினால் போதும்.