நாலாயிரத்து இருநூறு தடவை கேட்ட ஊர்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கு உங்கள் சௌக்கியத்தைப் பாப்பா தினமும் போனில் அத்தையிடம் சொல்ல, அத்தை அதில் பாதியை மறந்து மீதியை என்னிடம் சொல்ல, அந்த அளவில் அறிந்து வருகிறேன். இருந்தாலும் கடிதம் என்று எழுதினால் நேராகக் கேட்பதுதானே முறை. நலமா? நிற்க. நின்றுகொண்டே படிக்காமல் உட்கார்ந்துகொள்ளுங்கள், விஷயம் நீளம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் டவுன் ஹாலுக்கு முன்பணம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து கட்டாதீர்கள். பாட்டு ஆப் காட்டும் ஊர்க்கணக்கைப் பார்த்து, உங்கள் பாட்டை இந்த ஊரில் நாலாயிரத்து இருநூறு தடவை கேட்டிருக்கிறார்கள் என்று நம்பித்தானே முன்னூறு நாற்காலி ஹாலை எடுக்கிறீர்கள்? அந்த நாலாயிரத்து இருநூறும் நான்தான் மாப்பிள்ளை. வேறு யாரும் இல்லை. எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பாதியில் சிரித்துவிட்டுக் கீழே வைத்துவிடாதீர்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன் என்று நீங்கள் வந்து சொன்ன அன்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சொன்ன வார்த்தை உங்களுக்கு மறந்திருக்காது. "லிப்ட்ல மாட்டிக்கிட்டவன்கூட இதைவிட ராகமா கத்துவான்" என்று சொன்னேன். முப்பத்திநாலு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன், மாட்டிக்கொண்டு கத்தியவர்களை நிறையவே கேட்டவன் என்ற திமிரில் சொல்லிவிட்டேன். நீங்கள் தட்டில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டு, கையைக் கழுவி, "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு பாப்பா மட்டும்தான் தனியாக வந்து போகிறாள். நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்கே ஜீரணமாகியிருக்கும்.

இது ஒரு பக்கம் இருக்க, ரிட்டையர் ஆனபின் வீட்டில் இருந்தால் அத்தையின் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிடுகிறேன் என்பதால் அவளே பல் டாக்டரிடம் பேசி, அவர் கிளினிக்கின் முன்மேஜையில் என்னை உட்கார வைத்துவிட்டாள். டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, வாயில் பஞ்சோடு வெளியே வருகிறவர்களிடம் "இருபத்திநாலு மணி நேரம் சூடா எதுவும் வேண்டாம்" என்று சொல்வது, இவ்வளவுதான் வேலை. டிசம்பர் கடைசி லீவு ஆரம்பித்ததும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஸ்கூல் லீவு விட்டாச்சு, பிள்ளைங்களா வரும், உள்ள டிரில் ஓடற சத்தம் கேட்டா வாசல்லேயே அழும், நீங்க வெயிட்டிங் ஹால்ல நல்ல லீவுப் பாட்டா தேடிப் போடுங்க" என்றார். நானும் என் போனை ஸ்பீக்கரோடு சேர்த்து, விடுமுறைப் பாடல்கள் என்று தேடினேன். ஐயோ, கொட்டுகிறது மாப்பிள்ளை! முப்பத்தெட்டுப் பாட்டு வரிசையாகக் கேட்டேன். எல்லாப் பாட்டிலும் மணி அடிக்கிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள், யாராவது ஒருத்தர் கட்டாயம் விசில் அடிக்கிறார், எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கே போகிறார்கள், ஒருத்தன்கூட லீவு முடிந்து வேலைக்குத் திரும்புவதில்லை. மத்தியானத்துக்குள் நர்ஸம்மா தலையில் தைலத்தைத் தடவிக்கொண்டு என்னை முறைக்க ஆரம்பித்துவிட்டார். கன்னம் வீங்கி வந்த ஒரு லாரி டிரைவர், "யோவ், நான் கடவாய்ப்பல்லைப் புடுங்க வந்திருக்கேன், இவன் என்னை அலையில கால் நனைக்கக் கூப்பிடறான், நிறுத்துய்யா!" என்று எழுந்தே விட்டார்.

நிறுத்தத்தான் பார்த்தேன். அவசரத்தில் எதையோ தொட்டேன், அது நிற்காமல் 'இந்த வாரப் புதுவரவு, இண்டி ராக்' என்று எங்கேயோ தாவிவிட்டது. டமார் என்று டிரம் விழுந்தது. அப்புறம் ஒரு குரல், "இன்னைக்கு லீவு, எனக்கே எனக்கு, எங்கே போறதுன்னு தெரியல, ஆனா கிளம்பிட்டேன்" என்று பாடியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, டேங்க் நிறைஞ்சிடுச்சு, மோட்டாரை நிறுத்துங்க!" என்று எங்கள் மொட்டை மாடியிலிருந்து கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? சத்தத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கூட்டிவிட்டேன். டாக்டர் கையில் டிரில்லோடு வெளியே வந்தார். போச்சு, வேலை போச்சு என்று எழுந்து நின்றேன். அவரோ, "இது என்ன பாட்டு? டிரில் ஓடறதே கேக்கல. உள்ள இருக்கறவர் காலை ஆட்டிக்கிட்டே வாயைத் திறந்துட்டார். இதையே போடுங்க, இனிமே இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்காலிக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு குட்டிப் பெண்ணும் தானாக வெளியே வந்துவிட்டாள்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணிடம், "இண்டி ராக்னா என்னம்மா?" என்று கேட்டேன். "பெரிய கம்பெனி எதுவும் பின்னால இல்லாம, அவங்களே எழுதி, அவங்களே வாசிச்சு, அவங்களே வெளியிடறது சார்" என்றாள். "அப்போ யாரும் கேக்கலைன்னா?" என்றேன். "அதையும் அவங்களேதான் தாங்கிக்கணும் சார்" என்றாள். அன்றைக்கு முழுவதும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆக, ஆறு வாரமாகக் காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் வரை உங்கள் ஆல்பத்தின் ஆறு பாட்டும் எங்கள் வெயிட்டிங் ஹாலில் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. முதல் வாரம் டாக்டர் சொன்னார் என்பதற்காகப் போட்டேன். இரண்டாவது வாரம் வார்த்தை புரிய ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் பஸ்ஸில் வரும்போதும் வாய் தானாக முணுமுணுத்தது, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். இப்போது வெள்ளிக்கிழமை காலையானால் புதிதாக யார் பாட்டு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன். போன வாரம் ஒரு குழு, நாலு பேரும் காதுக்குள் ரகசியம் சொல்கிற மாதிரியே பாடுகிறார்கள், எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு குழுவில் டிரம்காரர் முன்னால் ஓடுகிறார், மற்றவர்கள் மூச்சிரைக்கப் பின்னால் துரத்துகிறார்கள். உங்களுடையதில் அந்தக் குறை கிடையாது. ஒன்றே ஒன்று சொல்லட்டுமா, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே? இரண்டாவது பாட்டில் டிரம்காரரின் கால்மிதி கிறீச்சிடுகிறது. மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்ன காது இது, ஏமாறாது. ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

இனிமேல் எழுதப்போவதை எழுத முடியாமல்தான் இவ்வளவு நேரம் வளவளவென்று இழுத்தேன். உங்கள் ஐந்தாவது பாட்டு. சத்தமே இல்லாமல் கிடார் மட்டும் வரும் பாட்டு. டிரில் ஓடினால் அது கேட்காது, அதனால் நாலு வாரம் அந்தப் பாட்டை நான் சரியாகக் கேட்கவே இல்லை. ஒருநாள் டாக்டர் வர நேரமாகி, ஹாலில் யாரும் இல்லாதபோதுதான் முழுசாகக் கேட்டேன்.

பச்சைக் கதவு, பக்கத்துல ரெண்டு ஜோடி செருப்பு,
உள்ள டிவி சிரிக்குது, வெளிய மழை,
மூணு தடவை அழுத்திட்டேன்,
நாலாவது தடவைக்கு மனசு வரல.

மாப்பிள்ளை, எங்கள் கதவுதானே அது? நீங்கள் வந்தீர்களா? நான் அப்படிப் பேசிய பிறகும் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றீர்களா? உள்ளே ஆள் இருந்தும் வேண்டுமென்றே திறக்கவில்லை என்று நினைத்துத் திரும்பிப் போனீர்களா? அன்றைக்கு லீவு கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து காலிங் பெல்லை அழுத்திப் பார்த்தேன். கப்சிப். அப்புறம்தான் உறைத்தது. டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனபோது, கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, காலிங் பெல்லிலிருந்து ரெண்டு பேட்டரியையும் கழற்றி ரிமோட்டில் போட்டவன் நான்தான். நாளைக்கு வாங்கிவிடலாம் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். ஊரில் உள்ள லிப்டையெல்லாம் ஓட வைத்தவன் வீட்டில் மணி செத்துக் கிடந்திருக்கிறது. உங்களுக்கு மணி அடித்திருக்க வேண்டிய பேட்டரியை வைத்துக்கொண்டு நான் உள்ளே டிவி பார்த்துச் சிரித்திருக்கிறேன். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை மாப்பிள்ளை. கேட்டிருந்தால் ஓடி வந்து திறந்திருப்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திறந்திருப்பேன், அது வேறு விஷயம், ஆனால் திறந்திருப்பேன். இப்போது புது பேட்டரி போட்டாகிவிட்டது. அத்தை வெளியே நின்று அழுத்த, நான் உள்ளே ஒவ்வொரு அறையாக நின்று கேட்டுச் சரிபார்த்தேன். "என்னாச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனில் கேட்கலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். நீங்கள் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். ராங் நம்பர் என்று நினைத்துக்கொள்வீர்கள் என்று இருந்தேன். என் பெயர்தான் உங்கள் போனில் வருமே என்பது மூன்றாவது தடவைக்கு அப்புறம்தான் புத்தியில் பட்டது.

இந்த நிலைமையில்தான் போன வாரம் பாப்பா போன் செய்ததாக அத்தை துள்ளிக்கொண்டு வந்தாள். "நாலாயிரத்து இருநூறு தடவையாம்! எந்த ஊர்லயும் இவ்வளவு இல்லையாம்! மாப்பிள்ளை முதல் கச்சேரியை இங்கதான் வைக்கப் போறாராம், டவுன் ஹாலாம்!" அத்தையிடம் உண்மையைச் சொன்னதற்கு, "அதுக்கென்ன, ஆளைச் சேர்த்துட்டாப் போச்சு" என்றாள். நானும் கிளினிக்குக்கு வருகிறவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். உள்ளே போகிறவர்கள் பயத்தில் காது கேட்காதவர்களாக இருக்கிறார்கள். வெளியே வருகிறவர்கள் வாய் மரத்துப்போய் எதற்கும் தலையாட்டுகிறார்கள். பதினேழு பேர் தலையாட்டினார்கள் என்று பெயரை எழுதி வைத்தேன், மறுநாள் மரப்பு போனதும் பதினேழு பேரும் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டருக்கு வெளியூர் மாநாடு, நர்ஸம்மாவோ, "ஆறு வாரமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், சாயங்காலமாவது விடுங்க சார்" என்று கும்பிடு போட்டுவிட்டார். ஆக இதுவரை உறுதியாகச் சேர்ந்தது பூஜ்யம்.

முன்னூறு நாற்காலியும் காலியாகக் கிடக்க, நீங்கள் மேடையில் ஏறி நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை என் வாசலில் வந்து நின்று யாரும் திறக்கவில்லை என்று திரும்பிப் போனவர் நீங்கள். மறுபடியும் அப்படி ஆக நான் காரணமாக இருக்கமாட்டேன். ஆகையால் ஹால் வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். அன்று நான் பேசியது தப்பு. பெரிய தப்பு. இதை எழுத எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

உங்களுக்கும் பாப்பாவுக்கும், கால்மிதிக்காரர் உட்பட குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் எங்கள் ஆசிகள். ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பீர்கள். பனியில் அலையாமல் தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரம் பார்த்துப் பாப்பா போன் செய்தாள். அத்தை குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அப்பா, அந்த ஆப் கணக்குல எத்தனை தடவைன்னு மட்டும் இல்ல, எத்தனை பேர்னும் போட்டிருக்கும்" என்றாள்.

"எத்தனை பேராம்?"

"ஒண்ணு."

"அது தெரிஞ்சுமா ஹால் எடுக்கறார்?"

"ஆமாம்ப்பா. குழுவில மத்த மூணு பேரும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. இவர் கேக்கவே இல்ல. ஒரே ஆள் நாலாயிரத்து இருநூறு தடவை கேக்கறார்னா அவர் முன்னால ஒரு தடவையாவது பாடணும், மீதி இருநூத்தித் தொண்ணூத்தொன்பது நாற்காலியும் காலியா கிடந்துட்டுப் போகட்டும்ங்கறார். யாரா இருக்கும், யாரா இருக்கும்னு தினம் என்னைப் போட்டு நச்சரிக்கறார்" என்று சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். நீ எதுவும் சொல்லாதே, கடிதம் வரும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே ஹால் வேண்டாம் என்று எழுதியதை எல்லாம் நீங்களே அடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்க் கட்டிவிடுங்கள். காலி நாற்காலிக் கணக்கை மட்டும் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் அத்தையும் வருகிறாள்.