தண்டவாளம் இல்லாத பாதைக்குக் காவல்

ஓடாத ரயிலுக்கு நேரம் தவறாமல் சிவப்புக் கொடி பிடித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கேட்காரர்.

சண்டை நின்றிருந்த சமாதான காலம். நான் புளியங்குளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ரயில் நின்று பல வருசம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போய்விட்டன. ரயில் கடவையில் கேட்டும் இல்லை. அதைச் சாத்தித் திறந்த கேட்காரர் மட்டும் மிச்சம். காக்கிச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு தினமும் கடவையடிக்கு வந்துவிடுவார்.

அவருடைய ஒரே கூட்டாளி, வெறும் தேத்தண்ணி விற்கும் பிளேன்ரீக் கடை நானா. தொண்ணூறில் எங்கள் பக்கத்து முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டபோது இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தவர், குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து பழைய ஸ்டேசனடியில் கடை போட்டிருந்தார். யாவாரம் சரிவந்தால் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டி வருவது, இல்லாவிட்டால் திரும்பிப் போவது. கண்டி வீதியில் வாகனங்கள் பறந்தன. ஸ்டேசனடிக்கு ஆடுகள்தான் வந்தன.

ஒருநாள் கேட்காரர் கத்தி கோடரியோடு ரயில் பாதையில் இறங்கினார். கண்ணிவெடி எடுத்து முடிந்த பகுதிதான். ஆனால் பற்றை ஆளுயரம்.

"என்ன செய்யிறியள்?" என்றேன்.

"சைக்கிள் ரோட்டுப் போடுறன், மாஸ்டர். வெளிநாட்டுச் சனம் காட்டையும் குளத்தையும் பாத்துக்கொண்டு ஓடட்டும். ஊருக்கும் யாவாரம்."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் பாதை வெட்டி முடிந்ததும் சனம் வந்தது. சைக்கிள் வாடகைக்கு விட ஒருவர் முளைத்தார், இளநீர் வெட்ட இன்னொருவர். பிரச்சினை என்னவென்றால், வந்தவர்கள் எல்லாரும் நானாவின் கடையைத் திரும்பியும் பாராமல் ஓடினார்கள். அன்றுதான் கேட்காரர் பழைய சிவப்புக் கொடியைத் தேடி எடுத்தார். கடைக்கு நேரே நின்று பிடித்தார்.

கனடாவில் இருந்து வந்த பெடியனுக்குக் கோபம். "அண்ணை, தண்டவாளமே இல்லை. எங்காலை ரயில் வரும்?"

"தண்டவாளம் இல்லாட்டி என்ன தம்பி, நேரம் இருக்குத்தானே. இண்டைக்குக் கொஞ்சம் லேட். உதிலை இருந்து ஒரு பிளேன்ரீ குடியுங்கோ."

எங்கள் சனம் இன்னும் மோசம். கொடியைக் கண்டால் கால் தானாக பிரேக்கில் போகும். அந்தப் பக்கம் வந்த ஒரு கல்யாண ட்ரக்டரே நின்றது. இழுவைப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டி ரயிலைத் தேடினார்கள். தாய்மாமன்தான் முதலில் தெளிந்தார்.

"முகூர்த்தம் போகுது, விடுமன் ஐசே!"

"ரயில் போகாமல் விடேலாது."

மாப்பிள்ளை பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் தாலி கட்டப் போனார்.

மாரி மழை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. பாதை சேறானது. சைக்கிள் ஒன்றையும் காணவில்லை. ஒரு காலை நான் போகும்போது நானா கேத்திலையும் கிளாசுகளையும் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். கேட்காரரும் வந்தார். கொடி இல்லை, காக்கிச் சட்டையும் இல்லை. நனைந்த சாரத்தோடு நின்றார்.

"யாவாரம் இல்லை, கேட்காரர். பிள்ளையள் அங்கை பாத்துக்கொண்டு இருக்குதுகள்," என்றார் நானா.

கேட்காரர் இப்போது ஒரு பெரிய புளுகை அவிழ்த்துவிடப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

"முந்தி நீங்கள் எல்லாரும் போகேக்கை நான் ஒண்டும் சொல்லேல்லை, நானா. கேட்டடியிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இந்தமுறை என்னாலை ஏலாது. பிள்ளையளை இஞ்சை கூப்பிடுங்கோ. போகாதேங்கோ."

 நானா சாக்கை அவிழ்த்து, அடுப்பை மூட்டினார்.

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ஒரு ஆளைப் போகவேண்டாம் என்று சொல்வதற்குத்தான் அவ்வளவு காட்டையும் வெட்டியிருக்கிறார்.