ரிவர்ஸில் இறங்கிய மலை

எங்கள் பக்கம் வாய் நீளமானவனை 'ஏர் ஹாரன்' என்பார்கள். வண்டி ஓடாவிட்டாலும் சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும் என்று அர்த்தம். என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது.

சேந்தமங்கலம் பக்கம் ஒரு பூங்கா. அதன் பின்னாலிருந்து குன்றின் உச்சிக்குச் செங்குத்தாக ஒரு பாதை ஏறும். ஏழாவது படிக்கும் மகள் யாழினியையும், மச்சினனின் மகள் தியாவையும் (ஒன்றாம் வகுப்பு) கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"ஏனுங்க, மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்குறீங்க. உங்கள நம்பிப் புள்ளைகள அனுப்பலாமா?" என்றாள் என் மனைவி.

"கொல்லிமலை வளைவுல லோடு வண்டி ஏத்துனவன் நான். இதெல்லாம் ஒரு மலையா?" என்றேன். (ஏறியது லாரி. நான் உட்கார்ந்திருந்தேன்.)

பாதி தூரம் வரை, நாக்பூருக்கு லாரி ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே ஏறினேன். ஒரு பாறைச் சரிவில் சும்மா திரும்பிக் கீழே பார்த்தேன். அவ்வளவுதான், முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆட ஆரம்பித்தன. உட்கார்ந்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். யாழினியிடம் நான் சொன்னது இது: "பாப்பாவுக்குக் காலு வலிக்குதாட்ட இருக்குது சாமி. எறங்கிரலாம்."

தியா என்னையே பார்த்தாள். "எனக்கு வலிக்கலீங்க மாமா. உங்க காலுதான் ஆடுது."

(குழந்தை மேல் பழியைப் போட்டவன் நான். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

எழுந்து நின்றால் தலை சுற்றியது. யாழினிதான் யோசித்துச் சொன்னாள். "மலையப் பாத்துத் திரும்பிக்கங்கப்பா. ரிவர்ஸ்ல எறக்கிரலாம்."

லாரி பின்னால் போகும்போது கிளீனர் கீழே நின்று வண்டியைத் தட்டி வழி சொல்வான். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. லாரி ஷெட்டில் அதைப் பார்த்து வளர்ந்தவள் யாழினி. கையையும் காலையும் ஊன்றி நான் தவழ, என் முதுகில் தட்டினாள்.

"வரட்டும், வரட்டும். லெஃப்ட்ல ஒடிங்க. ம், போதும்."

நான் நின்ற இடத்திலெல்லாம் தியா ஒரு கல்லைத் தூக்கி வந்து என் குதிகாலுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்தாள். வண்டி உருண்டுவிடக் கூடாதாம்.

எதிரே ஏறி வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி நின்றது. "ஐயாவுக்கு என்னாச்சு கண்ணு?" என்று ஒரு பெண்மணி கேட்டார்.

"பிரேக் புடிக்கலீங்க. ஓரமாப் போங்க" என்றாள் தியா.

அடிவாரத்தில் என் வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி, "அம்மாகிட்டச் சொல்ல மாட்டனுங்கப்பா" என்றாள் யாழினி. சொல்லவும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே தியா சொல்லிவிட்டாள்.

இப்போதும் விசேஷ வீட்டுப் பந்தியில் நான் நாக்பூர் கதையை எடுத்தால், யாழினி பின்னால் வந்து முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். நிறுத்திவிடுவேன். இரண்டு தட்டு இன்றுவரை விழவில்லை.