அண்டார்டிக்காவுக்கு ஒரு பொன்னாடை

என்னிடம் ஒரு பலவீனம் உண்டு. யாராவது என்னைப் பார்த்து "நீ பெரிய ஆளு" என்று சொன்னால் உடனே நம்பிவிடுவேன். இருபத்து நான்கு வயதில் இது முற்றிய நிலையில் இருந்தது.

அந்த வருடம்தான் மும்பையில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. உதவி என்றால் பாட்டில் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, குளிர் அறையில் எத்தனை டிகிரி என்று காலையும் மாலையும் நோட்டில் எழுதுவது. ஆனால் தாராவியில் எங்கள் தெரு முழுக்க அப்பா பரப்பிய செய்தி வேறு. "எம்மவ அண்டார்டிக்கா ஆராய்ச்சி பண்ணுதா." (நான் போன அதிகபட்சத் தெற்கு திருச்செந்தூர்.)

செய்தி பொன்ராஜ் அண்ணாச்சி காதுக்கும் போனது. இட்லி வியாபாரம் அவருக்குத் தொழில். எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் தலைவர் பதவி அவருக்கு உயிர். ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏ செல்வி, பூமி சூடாவுதுங்காங்கள்லா, ஆண்டு விழாவுல அதப் பத்தி நீ பேசணும் கேட்டியா. நீ பெரிய ஆளு."

முடிந்தது. பன்னிரண்டு பக்கத்துக்கு உரை எழுதினேன். எழுதி முடித்த பிறகு வெறும் பேச்சு போதாது என்று தோன்றியது. பெரிய ஆள் என்றால் எதையாவது காட்ட வேண்டும் அல்லவா?

காட்டுவதற்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருள் இருந்தது. எங்கள் மேடம் கப்பலில் தென் துருவக் கடலுக்குப் போய், பனிப்பாளத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டி வாழும் நுண்பாசிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரே செல். வெறும் கண்ணுக்குத் தெரியாது. உடம்பைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஓடு. மூன்று வருடமாக ஏழு பாட்டில்களில் அவற்றைப் பிள்ளை போல வளர்த்துவந்தார். நாலு டிகிரிக்கு மேலே போனால் வாடும், பத்தைத் தாண்டினால் பிழைக்காது என்று எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். ஏழு இருக்கிறதே, ஒரு நாளைக்கு ஒன்றை எடுத்தால் என்ன என்று நினைத்தேன். கேட்டால் தரமாட்டார் என்பதால் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஏழாம் நம்பர் பாட்டிலை ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்து, சுற்றிலும் ஆய்வுக்கூட ஐஸ் தூளைக் கொட்டி, ஒரு சின்ன மைக்ராஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். இதற்குத் தமிழில் திருட்டு என்று பெயர். அன்று எனக்கு அது சேவையாகத் தெரிந்தது.

ராத்திரி ஐஸ் தூள் ஃப்ரீசரிலும், பாட்டில் எங்கள் ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்திலும் இருந்தன. அம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஆறிப்போன டீ நிறத்தில் தண்ணீர்.

"இந்த அழுக்குத் தண்ணிக்கா ஏட்டி மேடம் கப்பல்ல போனாவ?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. மே மாதம். மேடை மேலே தகரக் கூரை, எதிரே நாலு பெரிய விளக்குகள். பெட்டியை மேடையின் ஓரத்தில் வைத்து, உள்ளே செருகிய வெப்பமானியைப் பார்த்தேன். இரண்டு டிகிரி. எனக்குப் பேச்சு ஆறரைக்கு. ஏழு மணிக்குள் பாட்டில் மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். கணக்கு சரியாக இருந்தது, பொன்னாடை என்று ஒன்று உலகத்தில் இருப்பதை மறந்துவிட்டேன் என்பதைத் தவிர.

சிறப்பு விருந்தினருக்கு ஒரு பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் ஒன்று, செயலாளருக்குத் தலைவர் ஒன்று. பந்தல் போட்டவருக்கு, மைக் செட்காரருக்கு, போன வருடம் மைக் செட் போட்டவருக்கு. ஒவ்வொருவரையும் பற்றிப் பொன்ராஜ் அண்ணாச்சி நாலு வார்த்தை பேசினார். (அவருடைய ஒரு வார்த்தை ஐந்து நிமிடம் ஓடும்.) எனக்கும் ஒன்று விழுந்தது. அந்த வெக்கையில் பாலியஸ்டர் பொன்னாடைக்குள் நான் வெந்துகொண்டிருந்தபோதுதான் செல்போன் நடுங்கியது. மேடத்திடமிருந்து மெசேஜ்.

குளிர் அறையின் எந்திரம் காலையிலேயே நின்றுபோயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் பார்க்கவில்லை. அறை முப்பது டிகிரி. ஆறு பாட்டிலும் செத்துவிட்டன. ஏழாம் நம்பரைக் காணோம். செல்வி, உனக்குத் தெரியுமா?

மூன்று தடவை படித்தேன். மூன்று வருட உழைப்பில் மிச்சம் உயிரோடு இருப்பது என் காலடியில் இருக்கும் ஒரே ஒரு பாட்டில்தான். அது செத்தால் மேடத்தின் ஆராய்ச்சி போகும். அதோடு என் வேலையும் போகும்.

மெல்லக் குனிந்து பெட்டியைத் திறந்தேன். ஐஸைக் காணோம். கலங்கிய தண்ணீரில் பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. எட்டு டிகிரி.

மேடைக்குக் கீழே உபசரிப்புப் பொறுப்பில் நின்ற அப்பாவைக் கண்ணால் கூப்பிட்டேன்.

"அப்பா, இதுல ஐஸ் இருந்துச்சே?"

"ஆமா, நல்ல பொடி ஐஸு. சர்பத் வெதுவெதுன்னு இருந்துச்சுன்னு கெஸ்ட் மொகஞ்சுளிச்சாரு. நீ பொன்னாடைக்கு எந்திச்சுப் போனப்ப, நம்ம பெட்டில இருக்குதேன்னு அள்ளிப் போட்டேன். உம்பேரச் சொல்லித்தாம்மா குடுத்தேன்."

ஆய்வுக்கூட ஐஸை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று எங்கள் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். சிறப்பு விருந்தினர் இரண்டாவது கிளாஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார். (அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் தினமும் விசாரித்தேன்.)

வெப்பமானி ஒன்பதுக்கு வந்தது. அண்ணாச்சி அடுத்த பொன்னாடையை உதறி விரித்தார். அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அந்த மேடையின் வரலாற்றில் அப்படி யாரும் செய்ததில்லையாம். பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. வாயில் வந்தது வீட்டுப் பேச்சுதான்.

"எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க. இந்தப் பாட்டில்ல கோடிக்கணக்குல உசிரு இருக்கு. பனிக்கடல்ல பொறந்ததுவ. இதத்தான் அங்க கூனி மாதிரி இருக்கற சின்ன எறா திங்கும். அந்த எறாவத் திமிங்கலமும் பென்குயினும் திங்கும். கடலு சூடானா இதுவ கொறஞ்சி, வேற பொடிப் பாசி பெருகிரும். அது எறாவுக்கு வயித்துக்குக் காணாது. அப்பறம் மேல உள்ளது எல்லாம் பட்டினிதான். அங்க வருசக்கணக்குல மெதுவா நடக்கறது இந்தப் பெட்டிக்குள்ள இப்போ நடக்குது. நான் கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன். இன்னும் ஒரு டிகிரிதான் இருக்கு. யாராவது ஐஸ் கொண்டாங்க!"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். முன்வரிசையில் இருந்த மீன்கார இசக்கியம்மா அத்தைதான் முதலில் எழுந்தாள்.

"வாயப் பாத்துட்டு நிக்கியளே, ஓடுங்க!"

எங்கள் தாராவி நெருக்கம் என்று ஊரெல்லாம் குறை சொல்கிறது. நான் இனி சொல்லமாட்டேன். எட்டு அடிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ். ஐந்து நிமிடத்தில் ஐஸ் தட்டுகள் வந்தன. ஐஸைச் சீவி சர்பத் ஊற்றி விற்கும் கோலா வண்டிக்காரர் பாதி ஐஸ் கட்டியைத் தோளில் சுமந்து வந்தார். யாரோ உறைந்த பட்டாணிப் பாக்கெட் கொடுத்தார்கள். அத்தை தன் கடையிலிருந்து சாக்கோடு ஐஸை இழுத்து வந்து கொட்டினாள். மேடை முழுக்க வாவல் மீன் வாசம். ஒன்பது, ஏழு, ஐந்து என்று இறங்கி, மூன்றில் நின்றது.

குளிர்ந்துவிட்டது, சரி. உயிர் இருக்கிறதா? ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, விழாவுக்காக மேடையில் கட்டியிருந்த புரொஜெக்டர் திரையில் படம் வர இணைத்தேன். அவசரத்தில் முதலில் என் விரல்தான் பெரிதாகத் தெரிந்தது. பிறகு பொன்னிறத்தில் குட்டிக் குட்டிப் படகுகள். எல்லாம் சும்மா கிடந்தன. அப்போது ஓரத்தில் ஒரு படகு மெல்ல, மிக மெல்ல வழுக்கிப் போனது.

"ஏ, நவுருதுல!" என்று மைக்கிலேயே கத்தினார் பொன்ராஜ் அண்ணாச்சி.

இன்னொன்று நகர்ந்தது. இன்னும் நாலு. விசில் பறந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உணர்ச்சிவசப்பட்ட அண்ணாச்சி, கையில் விரித்து வைத்திருந்த பொன்னாடையைத் தெர்மாகோல் பெட்டிக்குப் போர்த்திக் கைகூப்பினார். அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"சும்மா மேல போட்டா எப்பிடி? இறுக்கிச் சுத்துங்க. சாக்கு சுத்துனா ஐஸ் உருகாது, அதே மாதிரிதான். எல்லாத்தயும் கழத்துங்க!"

சிறப்பு விருந்தினர் உட்பட அத்தனை பேரும் கழற்றிக் கொடுத்தார்கள். மேடத்துக்குப் பதில் அனுப்பிவிட்டு, பதினொரு பொன்னாடை சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே நின்றிருந்த மேடம், அழுத முகத்தோடு பெட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டார். என்னை அல்ல. நான் திருடியிருக்காவிட்டால் அதுவும் செத்திருக்கும். அதனால் எப்படித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்து, மறுநாள் ஒரு மெமோவும் ஒரு மசாலா தோசையும் கொடுத்தார்.

இன்று அந்தக் குளிர் அறையில் இருபது பாட்டில்கள் இருக்கின்றன. எல்லாம் ஏழாம் நம்பரின் வாரிசுகள். எங்கள் தெருவில் அவை என் பிள்ளைகள். கரண்ட் போனால் அத்தை போன் செய்து, "புள்ளைங்க சௌக்கியமா?" என்று கேட்பாள்.

இரண்டு வருடம் கழித்து செம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நடுவில் இருந்து பேசியவர் பொன்ராஜ் அண்ணாச்சி. பையனின் அம்மா, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பக்குவமாக ஆரம்பித்தார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி எனக்காகப் பரிந்து பேசினார்.

"அதப் பத்திக் கவலையே படாதீங்க. எங்க செல்விக்கு ஏற்கெனவே கோடிக்கணக்குல புள்ளைங்க இருக்கு. எல்லாத்தயும் ஃபிரிட்ஜிலதான் வச்சிருக்கா."

அவர்கள் காப்பியை முடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில் அண்ணாச்சிக்குப் புரை ஏறியது. அடுத்த நாள் காலை எட்டரைக்கு நான் வழக்கம்போல் ஆய்வுக்கூடத்துக்குப் போய், நோட்டில் மூன்று டிகிரி என்று எழுதினேன்.